அதிபர் இறந்தார், துணை அதிபர் யார் ஆனார்? 1841 ஜான் டைலர் விவகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால் போதும், நண்பர்கள் வட்டத்தில் ஆளாளுக்கு என்னிடம் சட்டம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பதில் எப்போதும் 1841இல் போய்த்தான் நிற்கும். திரும்பத் திரும்பச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகள் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

அதிபர் இறந்தால் துணை அதிபர்தான் அடுத்த அதிபர். ஊருக்கே தெரிந்த விஷயம். இதில் சந்தேகம் எங்கிருந்து வந்தது?

இன்றைக்குச் சந்தேகம் இல்லை. 1841 ஏப்ரலில் இருந்தது. அதற்கு முந்தைய 52 வருடங்களில் ஓர் அமெரிக்க அதிபர்கூடப் பதவியில் இருக்கும்போது இறக்கவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் முதல் மார்ட்டின் வான் பியூரன் வரை எட்டுப் பேரும் பதவிக்காலத்தை முடித்துக்கொண்டு உயிரோடு வீடு திரும்பியவர்கள். துணை அதிபர்களில் இருவர் பதவியில் இறந்திருந்தார்கள் (1812இல் ஜார்ஜ் கிளின்டன், 1814இல் எல்பிரிட்ஜ் ஜெரி). 1832இல் ஜான் கால்ஹவுன் ராஜினாமா செய்தார். அந்த நாற்காலி காலியாகக் கிடந்ததற்காக யாரும் தூக்கம் கெடவில்லை.

1841 ஏப்ரல் 4ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி அரை மணி நேரத்தில், ஒன்பதாவது அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் இறந்தார். பதவியேற்று ஒரே மாதம். துணை அதிபர் ஜான் டைலர் இப்போது அதிபரா, அல்லது அதிபர் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் துணை அதிபரா? சட்டத்தைப் படித்தவர்களுக்கே இதில் ஒத்த கருத்து இல்லை.

ஹாரிசன் குளிரில் கோட்டுப் போடாமல் இரண்டு மணி நேரம் பேசி, அதனால் செத்துப்போனார் என்று படித்தேன். நிஜமா?

பேசியது நிஜம். மார்ச் 4ஆம் தேதி, மேல்கோட்டும் தொப்பியும் இல்லாமல், 8,400 வார்த்தைகளுக்கு மேல் வாசித்தார். இன்றுவரை எந்த அதிபரின் பதவியேற்பு உரையும் அந்த நீளத்தைத் தாண்டவில்லை. அவருடைய வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் வெட்டிச் சுருக்கிய பிறகும் அவ்வளவு. அப்போது ஹாரிசனுக்கு வயது 68.

ஆனால் அவர் படுத்தது மார்ச் 26ஆம் தேதி. குளிர் பிடித்து மூன்று வாரம் கழித்து நிமோனியா வந்தது என்பது கொஞ்சம் இழுவைதான். வைத்தியர் நிமோனியா என்றுதான் எழுதினார், ஆனால் வயிற்று உபாதையும் கடுமையாக இருந்தது. வைத்தியக் குறிப்புகளை மறுபடி அலசி 2014இல் வந்த ஓர் ஆய்வு, குடல் காய்ச்சலாக இருந்திருக்கலாம் என்கிறது. நகரத்தின் கழிவைக் கொட்டிய இடம் வெள்ளை மாளிகையின் தண்ணீர் ஊற்றுக்கு மேட்டுப்பக்கம் இருந்தது. பிறகு அதே மாளிகையில் அதிபராக இருந்த ஜக்காரி டெய்லர் 1850இல் வயிற்றுக் கோளாறில் இறந்தார். எனக்கு இந்த விளக்கம்தான் நம்பும்படி இருக்கிறது.

டைலர் வேற கட்சிக்காரர் என்கிறார்களே. எதிர்க்கட்சி ஆளை யாராவது துணை அதிபராக நிறுத்துவார்களா?

பழைய ஜனநாயகக் கட்சிக்காரர், அதிருப்தியில் வெளியே வந்தவர். வர்ஜீனியா பண்ணைக் குடும்பம், 1790இல் பிறந்தவர், அடிமைகளை வைத்திருந்தவர், மாநில உரிமை என்றால் உயிரையே கொடுப்பவர். அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்து செனட் போட்ட தீர்மானத்தை அழித்துவிட ஓட்டுப் போடு என்று 1836இல் வர்ஜீனியா சட்டமன்றம் உத்தரவிட்டபோது, போடமாட்டேன் என்று செனட் பதவியையே விட்டுவிட்டு வந்தார். ஹாரிசனின் விக் கட்சியில் அவரைச் சேர்த்தது ஜாக்சன் வெறுப்பு ஒன்றுதான். அந்தக் கட்சியின் வங்கிக் கொள்கையிலோ இறக்குமதி வரிக் கொள்கையிலோ அவருக்கு நம்பிக்கை கிடையாது.

1840 தேர்தலில் விக்குகளுக்குத் தெற்கின் ஓட்டு வேண்டியிருந்தது. "டிப்பக்கனூ அண்ட் டைலர் டூ" என்ற கோஷத்தில் டைலர் வெறும் எதுகை. டிப்பக்கனூ ஹாரிசன் சண்டை போட்ட இடம், அவருடைய பட்டப்பெயர். மாநிலங்களின் தேர்வாளர்கள் போட்ட ஓட்டில் 234க்கு 60 என்று ஜெயித்தார்கள். நாளைக்கு இந்த மனிதர் அதிபரானால் என்ன ஆகும் என்று வேட்பாளர் பட்டியல் போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதிபர் சாகக் கிடக்கும்போது துணை அதிபர் தலைநகரில்கூட இல்லையாமே? கோலி விளையாடிக்கொண்டிருந்தார் என்கிறார்கள்.

கோலிக் கதை கதைதான். வெளியுறவுத் துறைத் தலைமை எழுத்தர் ஃப்ளெட்சர் வெப்ஸ்டர் (மேலே சொன்ன டேனியல் வெப்ஸ்டரின் மகன்) வில்லியம்ஸ்பர்க்கில் டைலர் வீட்டுக் கதவைத் தட்டியது ஏப்ரல் 5, விடிகிற நேரம். அந்நேரத்தில் யார் கோலி ஆடுவார்கள்? ஊரில் இருந்ததும் அதிசயமில்லை. செனட்டுக்குத் தலைமை தாங்குவதைத் தவிர அன்றைய துணை அதிபருக்கு வேலையே கிடையாது. செனட் கலைந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

வெப்ஸ்டர் கொண்டுவந்த கடிதம் அமைச்சர்கள் எழுதியது, "துணை அதிபர் ஜான் டைலருக்கு" என்று முகவரியிட்டது. டைலர் படகும் ரயிலும் மாறி மாறி ஏறி ஏப்ரல் 6 விடியற்காலையில் வாஷிங்டன் வந்து சேர்ந்து, பிரவுன்ஸ் இந்தியன் குவீன் ஹோட்டலில் இறங்கினார். அன்றே அமைச்சர்கள் முன்னால் பதவிப் பிரமாணம். எந்தப் பட்டத்தில் அழைப்பது என்று மற்றவர்கள் உட்கார்ந்து பேச அவகாசமே கொடுக்கவில்லை. இந்த வேகம்தான் பிற்பாடு வந்த எல்லா வாதங்களையும்விட அவருக்குக் கை கொடுத்தது என்பது என் எண்ணம்.

சரி, அரசியல் சட்டத்தில் அப்படி என்னதான் குழப்பமாக எழுதியிருந்தது?

இரண்டாவது பிரிவில் ஒரு வாக்கியம். அதன் சாரம் இது: அதிபர் நீக்கப்பட்டாலோ, இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ, அல்லது "மேற்சொன்ன பதவியின் அதிகாரங்களையும் கடமைகளையும்" செய்ய முடியாமல் போனாலோ, "மேற்படியானது" துணை அதிபரைச் சேரும். பத்திரம் படித்துப் பழகியவர்களுக்கு உடனே புரியும். மேற்படியானது என்றால் எது? பதவியா, பதவியின் அதிகாரங்களும் கடமைகளும் மட்டுமா? இரண்டு மாதிரியும் படிக்கலாம்.

பிலடெல்ஃபியாவில் 1787இல் உட்கார்ந்து எழுதியவர்களின் முந்தைய வரைவைப் பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இன்னொரு அதிபர் தேர்ந்தெடுக்கப்படும்வரை துணை அதிபர் அந்த அதிகாரங்களையும் கடமைகளையும் பார்த்துக்கொள்வார் என்றுதான் செப்டம்பர் வரைவு சொன்னது. பிறகு நடையைச் செம்மைப்படுத்த ஐந்து பேர் குழு போட்டார்கள். அவர்களுக்கு வார்த்தையைச் சீர்செய்ய மட்டுமே அதிகாரம், விஷயத்தை மாற்ற இல்லை. அவர்கள் சுருக்கியதில் தெளிவு காணாமல் போனது. 1804இல் வந்த 12ஆவது திருத்தமும், அதிபர் இறந்தால் நடப்பதைப்போலவே துணை அதிபர் "அதிபராகச் செயல்படுவார்" என்றுதான் பேசுகிறது.

அப்போது டைலர் சொன்னது தப்பு, எதிர்த்தவர்கள் சொன்னது சரி. அப்படித்தானே?

எழுத்தை மட்டும் பார்த்தால் ஆமாம். முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஏப்ரல் 16ஆம் தேதி நாட்குறிப்பில், இந்த மனிதர் தன்னை அதிபர் என்று சொல்லிக்கொள்கிறார், "அதிபராகச் செயல்படும் துணை அதிபர்" என்பதுதான் முறை, இது சட்டத்தின் இலக்கணத்துக்கே விரோதம் என்று எழுதினார். சும்மா பொறாமையில் எழுதியது என்று தள்ளிவிட முடியாது. 1787 மாநாட்டின் நடவடிக்கைப் பதிவு 1819இல் அச்சாகி வந்ததே, அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்து அந்த வேலையைக் கவனித்தவர் இதே ஆடம்ஸ். எந்தக் குழு எதை எப்போது மாற்றியது என்று அவருக்கு அத்துப்படி.

ஆனால் நடைமுறையை யோசித்தால் என் மனம் டைலர் பக்கம் சாய்கிறது. பதவிக்காலத்தில் இன்னும் 3 வருடம் 11 மாதம் மிச்சம். அத்தனை காலமும் ஒருவர் "தற்காலிகமாக" நாட்டை நடத்துவது என்றால், அமைச்சர் முதல் அயல்நாட்டுத் தூதர் வரை ஒவ்வொருவரும் "நீங்கள் யார் எங்களுக்குச் சொல்ல" என்று கேட்க இடம் கொடுத்ததாகிவிடும்.

துணை அதிபராக ஏற்கெனவே பிரமாணம் எடுத்தவர்தானே? மறுபடி எதற்கு?

டைலருக்கும் இதே எண்ணம்தான். பழைய பிரமாணமே போதும் என்பது அவர் வாதம். இருந்தாலும் பின்னால் யாரும் சந்தேகம் கிளப்பக் கூடாது என்று முன்னெச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். பிரமாணம் செய்வித்த தலைநகர வட்ட நீதிமன்றத் தலைமை நீதிபதி வில்லியம் கிராஞ்ச் எழுதிக்கொடுத்த சான்றிதழிலேயே இந்தக் காரணம் பதிவாகியிருக்கிறது. ஒருவர் அதிபர் பிரமாணம் எடுக்கும்போதே, "இது எனக்குத் தேவையில்லை, சந்தேகம் வரலாம் என்பதால் எடுக்கிறேன்" என்று எழுதி வாங்கிவைக்கிறார். வக்கீல் புத்தி.

ஒரு சுவாரசியம்: இந்தக் கிராஞ்ச், ஜான் குவின்சி ஆடம்ஸின் பெரியம்மா மகன்.

ஏப்ரல் 9ஆம் தேதி டைலர் மக்களுக்கு ஓர் உரை வெளியிட்டார், பதவியேற்பு உரை மாதிரியே. அந்த மாதம் பாதிக்குள் வெள்ளை மாளிகைக்கும் குடிபோய்விட்டார்.

முதல் அமைச்சரவைக் கூட்டத்தில் "நான்தான் அதிபர், பிடிக்காதவர்கள் போகலாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னாராமே?

வழிவழியாகச் சொல்லப்படுவது இப்படி. ஹாரிசன் காலத்தில் எல்லாவற்றையும் ஓட்டெடுத்து முடிவு செய்தோம், அதிபருக்கும் ஒரு ஓட்டுத்தான், அதே வழக்கம் தொடருமா என்று டேனியல் வெப்ஸ்டர் கேட்டார். உங்கள் ஆலோசனை எனக்கு வேண்டும், ஆனால் என் ஆட்சிக்குப் பொறுப்பு நான்தான், ஒத்துழைக்க முடியாதவர்களின் ராஜினாமா ஏற்கப்படும் என்று டைலர் பதில் சொன்னார். இது டைலர் குடும்பத்தார் வழியாக வந்த கதை, அதனால் வசனத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நடந்துகொண்ட விதம் அதற்குப் பொருந்துகிறது: ஆறு அமைச்சர்களையும் மாற்றாமல் வைத்துக்கொண்டார், யாருடைய ஓட்டுக்கும் கட்டுப்படவும் இல்லை.

காங்கிரஸ் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததா?

காங்கிரஸ், அதாவது செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த நாடாளுமன்றம், அப்போது கூடியிருக்கவில்லை. ஹாரிசன் சாவதற்கு முன்பே அழைத்திருந்த சிறப்புக் கூட்டம் மே 31ஆம் தேதிதான் தொடங்கியது. டைலர் அதற்குள் இரண்டு மாதம் அதிபராக இருந்தாகிவிட்டது. பிரதிநிதிகள் சபையில், அதிபருக்குச் செய்தி அனுப்பும் வழக்கமான தீர்மானத்தில் வர்ஜீனியாவின் ஹென்றி வைஸ் "அமெரிக்க அதிபர்" என்று எழுதினார். நியூயார்க்கின் ஜான் மக்கீயன், "தற்போது அதிபர் கடமைகளைச் செய்யும் துணை அதிபர்" என்று திருத்தச் சொன்னார். சபை ஏற்கவில்லை. மறுநாள் செனட்டில் ஒஹையோவின் வில்லியம் ஆலன் அதே திருத்தத்தை வைத்தார், 38க்கு 8 என்ற கணக்கில் தோற்றார்.

தோற்ற ஆலன் எழுப்பிய கேள்விதான் இந்த விவகாரத்திலேயே கெட்டிக்காரத்தனமானது. சட்டத்தில் மரணமும் "செய்ய முடியாமை"யும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. அதிபர் நோயில் விழுந்து துணை அதிபர் வந்தால், அவரும் முழு அதிபர் ஆகிவிடுவாரா? நோய் குணமாகி அசல் அதிபர் எழுந்து வந்தால் அவர் கதி என்ன? டைலர் தரப்பு, இப்போது நடந்திருப்பது மரணம், அந்த நிலைமை வேறு என்று ஒதுக்கிவிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

பட்டத்தில் என்ன வந்துவிடப்போகிறது? அதிகாரம் ஒன்றுதானே? சம்பளத்துக்காகவா?

சம்பள வித்தியாசம் பெரிது: அதிபருக்கு வருடம் 25,000 டாலர், துணை அதிபருக்கு 5,000. ஆனால் சண்டை அதற்காக இல்லை. "பொறுப்பு அதிபர்" என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி, எத்தனை நாளைக்குப் பொறுப்பு, புதுத் தேர்தல் எப்போது என்பதாக இருந்திருக்கும். பழைய வரைவின் "இன்னொரு அதிபர் தேர்ந்தெடுக்கப்படும்வரை" என்ற தொடரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்தை விட்டால் பதவிக்காலமும் ஆட்டம் காணும் என்று டைலருக்குத் தெரியும். எதிரிகள் பட்டத்தைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. "ஹிஸ் எக்ஸலென்சி" என்பதைத் திரித்து "ஹிஸ் ஆக்சிடென்சி" என்றார்கள், விபத்தில் வந்த மேதகு. "பொறுப்பு அதிபர்" என்று முகவரியிட்ட கடிதங்களை டைலர் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார் என்று ஒரு பேச்சு உண்டு.

இதே கூட்டத்தொடரில் காங்கிரஸ் ஹாரிசனின் மனைவி ஆனாவுக்கு 25,000 டாலர் கொடுத்தது. பாவம், கணவர் பதவியேற்றபோது அவர் ஒஹையோவில் இருந்தார். வெள்ளை மாளிகைக்குள் கால் வைக்கவே இல்லை.

அத்தனை உறுதியாக ஓட்டுப் போட்ட சொந்தக் கட்சி, நாலே மாதத்தில் ஏன் துரத்திவிட்டது?

டைலர் யார் என்ற கேள்விக்கான பதிலை மறுபடி பாருங்கள். கட்சியின் உண்மையான தலைவர் கென்டக்கியின் ஹென்றி கிளே. அவருக்கு மறுபடி ஒரு தேசிய வங்கி வேண்டும். டைலர் ஆகஸ்ட் 16ஆம் தேதி வங்கி மசோதாவை வீட்டோ செய்தார். அன்றிரவு ஒரு கும்பல் மேளமும் எக்காளமுமாக வெள்ளை மாளிகை வாசலுக்கே வந்து கத்தியது, கொடும்பாவி கொளுத்தியது. கொஞ்சம் மாற்றி இரண்டாவது மசோதா கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 9ஆம் தேதி அதையும் வீட்டோ செய்தார்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, அமைச்சர்கள் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். திங்கட்கிழமை காங்கிரஸ் கலையப்போகிறது. அதற்குள் புது அமைச்சரவை அமைக்க முடியாமல் இவரே ராஜினாமா செய்துவிடுவார் என்று ஒரு கணக்கு. டைலர் திங்கட்கிழமையே புதுப் பெயர்களை அனுப்பிவிட்டார். வெப்ஸ்டர் மட்டும் போகவில்லை, பிரிட்டனோடு மெய்ன் எல்லை ஒப்பந்தம் பாதியில் இருந்தது. அதே திங்கட்கிழமை, செப்டம்பர் 13, விக் கட்சி டைலரை வெளியேற்றியது. கட்சி இல்லாத அதிபர்.

பதவி நீக்கத் தீர்மானமும் வந்ததாமே?

வந்தது, அமெரிக்க அதிபர் ஒருவர்மீது முதன்முதலாக. வர்ஜீனியாவின் ஜான் பாட்ஸ் 1843 ஜனவரி 10ஆம் தேதி கொண்டுவந்தார். 127க்கு 83 என்று தோற்றது. அதிபராக இருந்த கடைசி முழு நாளான 1845 மார்ச் 3ஆம் தேதி, டைலரின் வீட்டோ ஒன்றைக் காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டால் முறியடித்தது. அதுவும் நாட்டின் வரலாற்றில் முதல் தடவை.

கவனியுங்கள், இத்தனை கோபத்திலும் "இவர் அதிபரே அல்ல" என்ற வாதத்தை நம்பி அவர்கள் போகவில்லை. அதிபர் அல்லாதவரை எதற்கு அதிபர் பதவியிலிருந்து நீக்க வேண்டும்? நீக்கத் தீர்மானமே ஒரு வகையில் ஒப்புதல்தான்.

டைலர் அதிபரானதும் துணை அதிபராக யாரைப் போட்டார்கள்?

யாரையும் போடவில்லை, போட வழியும் கிடையாது. அந்தக் காலத்தில் துணை அதிபர் இடம் காலியானால் அடுத்த தேர்தல்வரை காலிதான். 1792 சட்டப்படி டைலருக்கு அடுத்து செனட்டின் தற்காலிகத் தலைவர், அவருக்கு அடுத்து பிரதிநிதிகள் சபைத் தலைவர். 1842 முதல் அந்தத் தற்காலிகத் தலைவர் வட கரோலினாவின் வில்லி மேங்கம், டைலரைத் துரத்திய அதே விக் கட்சி.

மேங்கம் கைக்கு ஆட்சி போவது கிட்டத்தட்ட நடந்தே விட்டது. 1844 பிப்ரவரி 28ஆம் தேதி பிரின்ஸ்டன் என்ற புதுப் போர்க்கப்பல் பொட்டோமாக் ஆற்றில் பெரிய மனிதர்களை ஏற்றிக்கொண்டு உலா போனது. "பீஸ்மேக்கர்" என்ற ராட்சதப் பீரங்கியை இன்னொரு தடவை சுடச் சொன்னார்கள். மேலே போகக் கிளம்பிய டைலர், கீழ்த்தளத்தில் மருமகன் பாட ஆரம்பித்ததைக் கேட்டு ஏணியடியில் நின்றார். மேலே பீரங்கி வெடித்துச் சிதறியது. வெளியுறவு அமைச்சர் ஏபல் அப்ஷர், கடற்படை அமைச்சர் தாமஸ் கில்மர், டைலரின் பணியாளாக இருந்த ஆர்மிஸ்டெட் என்ற அடிமை இளைஞர் உள்படப் பலர் அங்கேயே இறந்தார்கள். டைலரும் போயிருந்தால், 1792 சட்டப்படி மேங்கம் பொறுப்பேற்றிருப்பார். மாநிலங்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டியவர் வெளியுறவு அமைச்சர். அவரும் தளத்தில் பிணமாகக் கிடந்தார். இறந்தவர்களில் டேவிட் கார்டினரும் ஒருவர். அவருடைய மகள் ஜூலியாவை, மனைவியை இழந்திருந்த டைலர் நாலு மாதத்தில் மணந்தார்.

இவ்வளவு செய்தவர் 1844இல் தேர்தலில் நிற்கவில்லையே, ஏன்?

நிற்கப் பார்த்தார். சொந்தமாக ஒரு சின்னக் கட்சிகூடக் கட்டினார். தனி நாடாக இருந்த டெக்சாஸை அமெரிக்காவோடு சேர்ப்பதுதான் அவர் துருப்புச்சீட்டு. ஒப்பந்தம் செனட்டில் 35க்கு 16 என்று தோற்றது. ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போக் டெக்சாஸைக் கையிலெடுத்ததும், டைலர் ஆகஸ்டில் விலகிக்கொண்டார். பிறகு ஒப்பந்தமாக இல்லாமல் இரு சபைக் கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவந்து, பதவி முடிய மூன்று நாள் இருக்கும்போது கையெழுத்திட்டார். அடிமை முறை மேற்கே பரவ இன்னொரு கதவு திறந்தது.

அடுத்து வந்தவர்கள் ஏன் இதைக் கேள்வி கேட்கவில்லை?

1850இல் ஜக்காரி டெய்லர் இறந்த மறுநாள் மில்லர்ட் ஃபில்மோர் பிரமாணம் எடுத்தார், யாரும் மூச்சு விடவில்லை. 1865இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1881இல் செஸ்டர் ஆர்தர், 1901இல் தியோடர் ரூஸ்வெல்ட், 1923இல் கூலிட்ஜ், 1945இல் ட்ரூமன், 1963இல் லிண்டன் ஜான்சன். சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, டைலர் போட்ட தடத்திலேயே எல்லோரும் நடந்தார்கள்.

டைலர் முதல் ஆர்தர் வரை நாலு பேரையும் அடுத்த தேர்தலில் அவரவர் கட்சி வேட்பாளராக நிறுத்தவில்லை. இப்படி வந்து பிறகு தேர்தலிலும் ஜெயித்த முதல் ஆள் ரூஸ்வெல்ட், 1904இல்.

அதிபர் சாகவில்லை, படுத்த படுக்கை. அப்போது என்ன செய்வார்கள்?

இதுதான் ஆலன் கேட்டது. 40 வருடம் கழித்துக் கேள்வி உயிரோடு வந்து நின்றது. 1881 ஜூலை 2ஆம் தேதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டார்கள். செப்டம்பர் 19வரை, பதினொரு வாரத்துக்கு மேல், உயிர் ஊசலாடியது. துணை அதிபர் ஆர்தர் வரலாமா என்று அமைச்சர்கள் பேசியபோது, வந்தால் டைலர் வழக்கப்படி முழு அதிபர் ஆகிவிடுவார், கார்ஃபீல்ட் பிழைத்தாலும் நாற்காலி திரும்பக் கிடைக்காது என்று அவர்களிலேயே பலர் பயந்தார்கள். அதிகாரத்தைப் பறித்தவர் என்ற பெயர் வேண்டாம் என்று ஆர்தரும் ஒதுங்கி நின்றார். 1919 அக்டோபரில் உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தபோதும் இதே நிலை. துணை அதிபர் தாமஸ் மார்ஷல் வரவில்லை. வில்சனின் மனைவி ஈடித் யார் உள்ளே போகலாம், எந்தக் காகிதம் உள்ளே போகலாம் என்று தீர்மானித்தார்.

மரணத்துக்கு டைலர் கண்ட தீர்வு, நோய்க்கு வழியை அடைத்துவிட்டது. அவருடைய முன்னுதாரணத்தைப் பாராட்டுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

25ஆவது திருத்தம் வந்து டைலர் சொன்னதுதான் சரி என்று தீர்ப்பளித்துவிட்டதா?

பாதி. 1967 பிப்ரவரி 10ஆம் தேதி அமலுக்கு வந்த அந்தத் திருத்தத்தின் முதல் பகுதி, அதிபர் நீக்கப்பட்டாலோ, இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ துணை அதிபர் "அதிபர் ஆவார்" என்கிறது. 126 வருடம் கழித்து டைலருக்கு எழுத்து மூலம் ஒப்புதல். 1974இல் நிக்சன் ராஜினாமா செய்தபோது ஃபோர்டு வந்தது இதன்படிதான். துணை அதிபர் இடம் காலியானால் நிரப்பும் வழியையும் அதுவே தந்தது.

மீதிப் பாதி ஆடம்ஸுக்கு. 1787 வாக்கியத்தில் ஒட்டிக்கிடந்த "செய்ய முடியாமை"யைத் தனியே பிரித்து மூன்றாவது, நான்காவது பகுதிகளில் வைத்தார்கள். அங்கே துணை அதிபர் "பொறுப்பு அதிபர்" மட்டுமே. அசல் அதிபர் குணமானால் அதிகாரம் திரும்பப் போய்விடும். மூன்றாவது பகுதிப்படி 2002இலும் 2007இலும் ஜார்ஜ் புஷ் மருத்துவப் பரிசோதனைக்காக மயக்க மருந்து எடுத்துக்கொண்ட சில மணி நேரம் டிக் செனி பொறுப்பு அதிபர். 2021இல் பைடனுக்காக கமலா ஹாரிஸ் அப்படி இருந்தார்.

டைலர் கடைசியில் அமெரிக்காவுக்கே எதிராகப் போனார் என்பது உண்மையா?

உண்மை. 1861 பிப்ரவரியில் உள்நாட்டுப் போரைத் தவிர்க்க வாஷிங்டனில் கூடிய சமாதான மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். அது தோற்றதும் வர்ஜீனியா பிரிவதை ஆதரித்து ஓட்டுப் போட்டார், பிரிந்த தெற்கு மாநிலங்களின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதில் உட்காரும் முன்பே 1862 ஜனவரி 18ஆம் தேதி ரிச்மண்டில் இறந்தார். சவப்பெட்டியில் போர்த்தியது தெற்கின் கொடி. லிங்கன் அரசு துக்கம் அறிவிக்கவில்லை.

அதிபர், துணை அதிபர் இருவருமே இல்லாமல் போய், சபைத் தலைவர் வந்தால் அவரும் முழு அதிபரா?

கிடையாது. டைலர் வழக்கம் துணை அதிபருக்கு மட்டும்தான். இருவரும் இல்லாதபோது எந்த அதிகாரி "அதிபராகச் செயல்படுவார்" என்று காங்கிரஸ் சட்டம் போடலாம் என்பது அரசியல் சட்டத்தின் வாசகம், 1947 வாரிசுரிமைச் சட்டமும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. சபைத் தலைவர் முதலில் தன் தலைவர் பதவியையும் உறுப்பினர் பதவியையும் ராஜினாமா செய்துவிட்டுத்தான் வர முடியும். இதுவரை அப்படி ஒருவரும் வந்ததில்லை. சபைத் தலைவர் அந்த வாசகம் சொல்லும் "அதிகாரி" வகையில் அடங்குவாரா என்பதே 1792இல் ஜேம்ஸ் மாடிசன் சந்தேகப்பட்ட விஷயம், இன்னும் தீரவில்லை.

பட்டத்தைக் காட்டி இரண்டு முறைக்கு மேல் தேர்தலில் நிற்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு வழியில்லை. 1951இன் 22ஆவது திருத்தம், இன்னொருவரின் காலத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் "அதிபராக இருந்தவர் அல்லது அதிபராகச் செயல்பட்டவர்" பிறகு ஒரே தடவைதான் தேர்ந்தெடுக்கப்படலாம் என்கிறது. டைலர் சண்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிவிட்டார்கள்.